முகூர்த்தத்துக்கு ஈரத்தோடு வந்தவர்கள்

போட்டோக்காரன் ஆவுடையப்பன் எடுத்த ஒரு தாலிகட்டுப் படத்தில், மாப்பிள்ளைக்குப் பின்னால் குத்துவிளக்கை ஒட்டி, போட்டோக்காரனின் மனைவி பிரம்மசக்தியும் மகள் மதுஷாவும் சொட்டச் சொட்ட நனைந்து, தோளில் ஆளுக்கொரு துண்டோடு நின்றார்கள். அந்தக் கல்யாணத்துக்கு அவர்கள் வரவே இல்லை. இருந்தும் வாகைக்குளத்தில் முதலில் இதை ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் கல்யாண ஆல்பத்தில் நிற்பவர்களையெல்லாம் யாருக்குத் தெரியும். பெண்வீட்டார் அந்த ஈரச்சேலைக்காரியைப் பார்த்து மாப்பிள்ளை வகையில் ஏதோ சொந்தம் என்று நினைத்துக்கொண்டார்கள், மாப்பிள்ளைவீட்டார் பெண் வகையில் ஏதோ சொந்தம் என்று நினைத்துக்கொண்டார்கள், இரண்டு வீட்டாரும் எதிர்வீட்டாரின் வளர்ப்பைப் பற்றி மனதுக்குள் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு ஆல்பத்தை மூடிவைத்தார்கள். பிறகொரு விருந்தில் கறி வேகவில்லை என்று வாய்த்தகராறு முற்றியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

“சபையில ஈரத்தோட வந்து நிக்கிற ஆளுகள வச்சுக்கிட்டு, நீங்க எங்களுக்கு மரியாதை சொல்லித் தாறீயளாக்கும்?” என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா.

“அது உங்க ஆளுல்லா?” என்றாள் பெண்ணின் அத்தை.

“எங்க ஆளா? எங்க ஆளுக துவட்டிட்டுத்தான் சபைக்கு வருவாவ.”

ஆல்பத்தைக் கொண்டுவந்து நடுவில் விரித்தார்கள். குனிந்து பார்த்த சமையல்காரர், “இது நம்ம போட்டோக்காரன் பொண்டாட்டியும் புள்ளையும்லா” என்றார். சண்டை அந்த இடத்திலேயே நின்றுபோய், இரண்டு வீட்டாரும் ஒற்றுமையாக ஆவுடையப்பனைத் திட்டத் தொடங்கினார்கள். அந்தச் சம்பந்தம் அன்றைக்குத்தான் கூடிவந்தது என்று இன்றும் சொல்கிறார்கள்.

ஆவுடையப்பனுக்கோ இது கல்யாணத்தன்றே தெரியும். அவன் கெட்டவன் இல்லை, குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை. முகூர்த்த நாட்களை மட்டும் காலண்டரில் பார்த்தால் வாயில் எச்சில் ஊறும், அவ்வளவுதான். வாகைக்குளத்திலிருந்து குற்றாலம் ஒரு பொட்டலம் கடலை தின்று முடிக்கிற தூரம். மெட்ராஸிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்து குளித்துவிட்டுப் போகிறார்கள், ஆவுடையப்பனும் வாரத்துக்கு ஒரு தடவையாவது அங்கே போகிறான், எந்தப் பாறையில் எந்த நேரத்துக்கு வெயில் விழும், எந்த மரத்தடியில் நின்றால் குரங்கு வந்து மாலையைப் பிய்க்கும் என்று அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். ஆனால் அவன் கூட்டிக்கொண்டு போனதெல்லாம் அடுத்தவன் பெண்டாட்டியை. அதுவும் அடுத்தவனையும் சேர்த்து, ‘அவுட்டோர்’ எடுக்க. சொந்தப் பெண்டாட்டி அருவியைப் பார்த்தது அவன் எடுத்த படங்களில், ஊரார் பெண்கள் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டு நிற்கிற முதுகுக்குப் பின்னால் வெள்ளையாகக் கொஞ்சம் தெரிந்ததுதான். மகள் பிறந்த நேரத்தில்கூட ஒரு ரிசப்ஷனில் நின்றான், மேடையில் மணமகள் பெயர் மதுஷா என்று தெர்மாகோலில் எழுதியிருந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் அதையே வைத்துவிட்டான். தன் கல்யாணப் படத்திலேயே அவன் முகம் சரியாக விழவில்லை. தாலி முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு, லைட்டை இன்னும் கொஞ்சம் மேலே தூக்குங்க என்று திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். கல்யாணச் சந்தடியில் தாலி கட்ட மறந்தாற்போல என்பார்கள், இவன் கட்டினான், கட்டிய கழுத்தைத்தான் மறந்தான்.

வைகாசி முடியட்டும் போவோம், ஆனி முடியட்டும் போவோம், ஆடி பிறக்கட்டும், கல்யாணமே கிடையாது, ஹாயாகப் போவோம் என்று வருஷா வருஷம் சொல்லிவந்தவன், அந்த வருஷம் எந்தச் சாமி புண்ணியமோ, வைகாசியிலேயே சாரல் விழுந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக் கொடுத்தான். பிரம்மசக்தி எலுமிச்சை சாதம் கட்டினாள். மதுஷா விடிவதற்கு முன்பே தலையில் நல்லெண்ணெயை அப்பிக்கொண்டு, பழைய கவுனை மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்போது போன் அடித்தது. பக்கத்து ஊர் போட்டோக்காரனுக்கு மெட்ராஸ் ஐயாம், கண்ணைத் திறக்கவே முடியவில்லையாம், முகூர்த்தம் ஏழரைக்காம்.

“தாலி கட்டினதும் வந்துருதேன். நீங்க ரெடியா இருங்க, வந்த காலோட கிளம்பிருவோம்” என்று சொல்லிவிட்டுக் கேமரா பையை எடுத்தான். மகள் முகத்தில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்ததை அவன் பார்க்கவில்லை.

கெட்டிமேளம் கொட்டியது, அட்சதை பறந்தது, அவன் பட்டனை அமுக்கினான், கேமராவின் பின்பக்கத்தில் படம் வந்தது, படத்தில் அவர்களும் வந்திருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தான், குத்துவிளக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. மறுபடி எடுத்தான், மறுபடியும் வந்தார்கள். இந்தத் தடவை மதுஷா குற்றாலத்து மங்குஸ்தான் பழத்தை உடைத்துக்கொண்டிருந்தாள். பந்தி முடிந்து, குரூப் போட்டோ முடிந்து, மாப்பிள்ளையின் நண்பர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதெல்லாம் முடிந்து, அவன் வீடு வந்தபோது சாயங்காலமாகியிருந்தது. கொடியில் இரண்டு துண்டுகள் சொட்டிக்கொண்டிருந்தன. மதுஷா தரையில் உட்கார்ந்து ரம்புட்டான் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“எங்க போயிட்டு வந்தீய?” என்றான்.

“நீங்க கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன எடத்துக்குத்தான்” என்றாள் பிரம்மசக்தி.

“எப்படிப் போனீய? பஸ்ஸுலயா?”

“நீங்க பஸ்ஸுலயா கூட்டிட்டுப் போனீய? வாயாலதான கூட்டிட்டுப் போனீய. அதுலயே போயிட்டு வந்துட்டோம்.”

சண்டை வரும் என்று பயந்து வந்தவனுக்கு மூச்சு வந்தது. “தண்ணி நல்லா விழுதா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கைகால் கழுவப் போனான். மறுநாள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இருவரையும் படத்திலிருந்து அழித்துப் பார்த்தான். அழித்துவிட்டு டீ குடித்து வந்தால் திரும்ப நின்றார்கள். மறுபடி அழித்தால் மதுஷா நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றாள். போய்த் தொலையட்டும் என்று அப்படியே ஆல்பம் போட்டுக் கொடுத்துவிட்டான்.

அதற்கப்புறம்தான் அந்தக் கறி வேகாத விருந்தும் சண்டையும். ஊர் அவனை ஒரு கை பார்த்திருக்கும், ஆனால் அதே வாரத்தில் அந்த மாப்பிள்ளை வீட்டில், பாறைதான் இருக்கிறது என்று பாதியில் கைவிட்டிருந்த போர்க்குழாயில் தண்ணீர் தானாகப் பீய்ச்சிக்கொண்டு வந்தது. வாகைக்குளத்தில் தண்ணீர் என்றால் அதற்குமேல் பேச்சில்லை. பெயரில் குளம் இருப்பதோடு சரி. ஈரக்காலோடு வந்தவள் சும்மாவா வந்தாள் என்று சமையல்காரர்தான் முதலில் சொன்னாராம். நான்தான் சொன்னேன் என்று சொல்லிக்கொண்டு இன்றைக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

ஆனி பிறந்ததும் பிரம்மசக்தியின் வாசலில் வெற்றிலைத் தட்டோடு ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கினார்கள். குங்குமம், சந்தனம், பூ, வாழைப்பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை. “மயினி, பிள்ளையையும் கூட்டிக்கிட்டு அவசியம் படத்துக்கு வந்துரணும்.” பிரம்மசக்தி குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்பாள்: “போட்டோ எடுக்கது யாரு?” ஆவுடையப்பன் என்றால் “அப்ப வாறோம்” என்பாள். வேறு பெயர் சொன்னால் தட்டு திரும்பிப் போகும். மண்டபங்களில் மேடையோரம் இரண்டு பேர் நிற்கிற மாதிரி இடம் விட்டு, கீழே சாக்கை விரித்து வைத்தார்கள். இடம் சிறியதாகப் போனதால் மாமன்மார்கள் கீழே இறங்கி நின்றார்கள். தாய்மாமனுக்கு இல்லாத மரியாதை சாக்குக்கா என்று ஒரு கல்யாணத்தில் கைகலப்பே வந்தது. படத்தில் பிரம்மசக்தி பெண் பக்கம் பார்த்திருந்தால் முதல் பிள்ளை பெண், மாப்பிள்ளை பக்கம் பார்த்திருந்தால் ஆண் என்று ஜோசியர் ஒருவர் பலன் எழுதினார். பிரம்மசக்தி பெரும்பாலும் பின்னால் கொட்டுகிற அருவியைத்தான் பார்த்தாள், அதற்கு அவரிடம் பலன் இல்லை.

மற்ற போட்டோக்காரர்கள் விடுவார்களா? ஒருவர் தன் மனைவியை மண்டபத்துப் பின்கட்டில் நிறுத்தி, ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றி, முகூர்த்த நேரத்துக்கு மேடைக்கு ஓட்டிவந்தார். அந்த அம்மாளுக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம், எந்தப் போரிலும் தண்ணீர் வரவில்லை. ஆவுடையப்பனோடு எல்லாக் கல்யாணத்துக்கும் வீடியோ எடுக்க வருகிற தங்கதுரைக்குத்தான் பெரிய வயிற்றெரிச்சல். அவன் வீடியோவில் அந்த மூலையில் வெறும் சாக்குதான் தெரிந்தது.

“ஓம் கேமராவுல அருவியே கொட்டுது, எம் கேமராவுல ஒரு சொட்டு விழ மாட்டேங்குதே. எங்கவே வாங்கின அத?” என்பான்.

ஆவுடையப்பன் சிரித்துக்கொள்வான். அவனுக்கு அப்போது எல்லாம் லாபமாகத் தெரிந்தது. குடும்பம் செலவில்லாமல் குற்றாலம் போய்வருகிறது, பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம், குரங்குத் தொல்லை இல்லை, எண்ணெய் பிசுக்கோடு திரும்பி வந்து வாடகைக் கார் சீட்டைக் கெடுக்கவில்லை. அவனும் காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று என்று கல்யாணங்களை ஏற்றுக்கொண்டான். எப்போதாவது மனசு உறுத்தினால், எப்படியும் போய்த்தானே வருகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். மனுஷன் தனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானம் இருக்கிறதே, அதற்கு மட்டும் பஞ்சமே வருவதில்லை.

ஆடி பிறந்தது. மண்டபங்களைப் பூட்டினார்கள். முகூர்த்தம் இல்லை, அதனால் படம் இல்லை, அதனால் பிரம்மசக்தியும் மதுஷாவும் போவதற்கு அருவி இல்லை. வீட்டில் காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஆவுடையப்பன் மட்டும் ஸ்டூடியோ நாற்காலியிலிருந்து பறக்கவில்லை. ஆனியில் எடுத்ததையெல்லாம் ஆடியில்தான் ஆல்பம் போட முடியும் என்பது அவன் தொழில் தர்மம். நாலு தெரு தள்ளி மகள் வாசற்படியில் உட்கார்ந்திருக்க, இவன் இங்கே கம்ப்யூட்டரில் மகள் குளிக்கிற படங்களைப் பெரிதாக்கி, ஊரார் முகத்துப் பருக்களை அழித்துக்கொண்டிருந்தான்.

அப்படி ஒரு படத்தில்தான் பார்த்தான், மதுஷாவின் முன்பல் இல்லை. முந்தைய கல்யாணத்துப் படத்தில் இருந்தது. முன்பல் விழுந்து அந்த ஓட்டையில் நாக்கை விட்டுச் சிரிக்கிறாள். எப்போது விழுந்தது? அழுதாளா? பல்லைக் கூரைமேல் எறிந்தார்களா? யாரோ ஒருவர் வீட்டுச் சம்பந்தி அம்மாளின் தோளுக்கு மேலே மகளின் பல் விழுந்த சேதியைத் தெரிந்துகொண்ட ஆவுடையப்பன், மௌஸைப் பிடித்த கையை எடுக்காமல் அழுதான். பிறகு எல்லாப் படங்களையும் வரிசையாகப் பார்த்தான். அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போயிருந்தார்கள். முதலில் குத்துவிளக்கை ஒட்டி நின்றவர்கள், அப்புறம் பந்தலுக்குப் பின்னால், அப்புறம் ஒரு பாறைமேல், அப்புறம் இன்னும் மேலே மரங்களுக்கு நடுவில், சின்னச் சின்னதாக.

அன்று மத்தியானமே வீட்டுக்கு ஓடினான். “ஏளா, பிள்ளைக்குப் பல்லு விழுந்துட்டாமே?”

“முளைக்கவே ஆரம்பிச்சாச்சு” என்றாள் பிரம்மசக்தி.

“மேல ஏறிப் போறீயளே, அங்கன வழுக்கும்.”

“கீழ கூட்டமா இருக்கு.”

“ஆவணி முகூர்த்தம் முடியட்டும். கண்டிப்பா மூணு பேருமாப் போவோம்” என்றான். வேறு வாக்கியம் அவன் வாயில் வரவில்லை, பழக்கமில்லை.

பிரம்மசக்தி மூலையில் குவிந்துகிடந்த தட்டுகளைக் காட்டினாள். வெற்றிலை காய்ந்து சருகாகியிருந்தது. “இந்த ஊர்ல அம்புட்டுப் பேரும் எனக்கும் எம்பிள்ளைக்கும் தட்டு வச்சு அழைச்சிட்டாவ. பேர் தெரியாதவங்கூட வாசல்ல வந்து நின்னு, அவசியம் வரணும்னு சொல்லிட்டுப் போறான். நீங்க ஒரு வெத்தலை வச்சு எங்களை அழைச்சதுண்டா? முடியட்டும், முடியட்டும். உங்க வாயில அது ஒண்ணுதான் முடியவே மாட்டேங்கு.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் தப்பித்திருப்பான்.

ஆவணி வந்தது. முதல் முகூர்த்தத்துக்கு அருவிக்குப் போன தாயும் மகளும் ராத்திரிக்குத்தான் வந்தார்கள். அடுத்ததற்குப் போனவர்கள் மறுநாள் வந்தார்கள். அதற்கடுத்ததற்குப் போனவர்கள் வரவில்லை. ஊருக்குக் கவலைதான், ஆனால் வேறு கவலை. “என்னவே, படத்துல பிள்ளை எறும்பு மாதிரி தெரியுது? அழைச்சதுக்குக் கொஞ்சம் கிட்ட வரச் சொல்லப்படாதா?” என்று ஆல்பத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக் குறைபட்டார்கள். ஆவுடையப்பன் வீட்டில் சட்டியைத் தேடினான், உப்பைத் தேடினான், கொடியில் காய்ந்த கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. குற்றாலத்துக்கு நேரிலேயே ஓடினான். ஐந்தருவியில் தேடினான், மேலே செண்பகாதேவி அருவி வரைக்கும் ஏறித் தேடினான். எல்லா அருவியிலும் ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள், அவன் ஆட்கள் இல்லை. “அண்ணே, எங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுங்களேன்” என்று ஒரு புதுஜோடி போனை நீட்டியது. அந்த நிலைமையிலும் எடுத்துக் கொடுத்தான், கன்னத்தைக் கொஞ்சம் சாய்க்கச் சொல்லி.

அடுத்த முகூர்த்தம் ரைஸ்மில் சமுத்திரபாண்டியன் மகள் கல்யாணம். அவர் பிரம்மசக்திக்கு ஏழு தட்டு வைத்து அழைத்திருந்தார், பூட்டிய வீட்டு வாசலில் வைத்துவிட்டு, அழைத்தாயிற்று என்று போட்டோவும் எடுத்துக்கொண்டார். மில்லில் மூன்று கிணறு நிரம்பியிருக்க, நாலாவதற்கும் அவருக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. மேடையில் சாக்குக்குப் பதில் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்.

“தம்பி, உங்க வீட்டம்மா இன்னிக்கு நல்லா முன்னால வந்து நிக்கணும். சொல்லிட்டீருல்லா?” என்றார்.

ஆவுடையப்பன் ஊஞ்சல், பாதபூஜை, மாலை மாற்றல் என்று ஒவ்வொரு படத்தையும் எடுத்துவிட்டு மூலையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். ஒன்றில் மலை உச்சிக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள். அடுத்ததில் சின்னப் புள்ளி கையைத் தூக்கியிருந்தது. வா என்று கூப்பிடுகிறதா, போய்வருகிறோம் என்று சொல்லிக்கொள்கிறதா, அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. அதற்கடுத்ததில் மலைமேல் மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது.

ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். நாதஸ்வரக்காரர் மூச்சை இழுத்தார். அந்த நேரத்தில் ஆவுடையப்பன் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றித் தங்கதுரையின் கழுத்தில் போட்டான்.

“அமுக்கிக்கிட்டே இரு. நிறுத்தாத.”

“ஏ, தாலி கட்டப் போறாங்கவே! நீ எங்க போற?”

அவன் மேடையில் ஏறினான். சம்பந்தியம்மாளுக்கு என்று மணையோரம் வைத்திருந்த வெற்றிலைத் தட்டை, சபை பார்க்க, இரண்டு கையாலும் எடுத்தான். குத்துவிளக்கைத் தாண்டினான், கம்பளத்தைத் தாண்டினான், யாரும் இல்லாத மூலையைப் பார்த்துத் தட்டை நீட்டி, வாய்விட்டுச் சொன்னான்: “நான் ஆவுடையப்பன். நானும் வாறேன். என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க.” அழைக்கப் போனவன் அழைக்கவில்லை, கெஞ்சினான். கெட்டிமேளம் கொட்டியது, அட்சதை பறந்தது, தங்கதுரை அமுக்கினான்.

அட்சதை விழுந்து முடிந்தபோது மூலையில் ஈரமான கம்பளம்தான் இருந்தது.

சமுத்திரபாண்டியன் கோபத்தில் குதித்துத் தீர்த்துவிட்டார். தாலிகட்டுப் படத்தில் பெண்ணின் பாதி ஜடையும் மாப்பிள்ளையின் ஒரு முழங்கையும்தான் விழுந்திருந்தன. மிச்சமெல்லாம் மூலை, பாறை, மேகம், தட்டோடு ஏறுகிற ஒருவனின் முதுகு. நாலாவது கிணறு நிரம்பியதைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊரில் ஆளாளுக்குப் பூட்டிய வீட்டுக்கு முன்னால் நின்று, ஆல்பம் எப்ப வரும், ஆல்பம் எப்ப வரும் என்று சத்தம் போட்டார்கள். உள்ளே ஆவுடையப்பனின் போன் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் அடித்து ஓய்ந்தது. கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தவர்கள், கொடியில் மூன்று துண்டுகள் சொட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். யார் வந்து போடுகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

கடைசியில் தங்கதுரைதான் ஸ்டூடியோவில் உட்கார்ந்து அந்த ஆல்பத்தை முடித்தான். சமுத்திரபாண்டியன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, அதைத் தூக்கு, இதை வெட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிப் படம் வந்தது. அதில் மட்டும் மூவரும் கிட்டத்தில், கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தார்கள். தட்டு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. பிரம்மசக்தி வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். நடுவில் ஆவுடையப்பன் நனைந்து நிற்கிறான், ஆயுசில் முதன்முதலாக ஒரு படத்துக்கு முகத்தைக் காட்டி நிற்கிறான், பழக்கதோஷம், கேமராவில் கண் வைத்தவன் மாதிரியே இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு. மதுஷா அவன் இடுப்பில் ஏறி உட்கார்ந்து, மூடிய அந்தக் கண்ணை இரண்டு விரலால் பிரித்துத் திறந்துகொண்டிருந்தாள்.

“அந்தப் பிள்ளை கைய மட்டுமாவது எடுத்துரும்வே, பார்க்க நல்லால்ல” என்றார் சமுத்திரபாண்டியன்.

தங்கதுரை மௌஸிலிருந்து கையை எடுத்தான். “அது எடுக்க வராது அண்ணாச்சி” என்றான்.